எடை மேடையில் ஒரு பின்னேரம்

வெறும் ரிப்பர்: ஒன்பதாயிரத்து நாநூற்றி இருபது கிலோ.
மண்ணோடு: இருபத்தையாயிரத்து எண்ணூற்றி நாற்பது.
கழித்து எழுதுவது என் வேலை.
இந்தக் கந்தோரில் கழித்தல் மட்டும்தான்.
கூட்டல் வேறெங்கோ நடக்கிறதாம்,
வன்னியில் இல்லை,
கப்பல் நிற்கிற ஊரில், ஏசி இரைகிற அறையில்.

தும்பைமுனை மண் கறுப்பு.
மத்தியானம் வெறுங்காலோடு நடந்தால் தோல் உரியும்.
சின்னனில் காந்தத்தை நூலில் கட்டி இழுப்போம்,
மயிர் முளைத்தது போல ஒட்டிக்கொண்டு வரும்.
இடம்பெயர்ந்து திரும்பிய வருசம்
தறப்பாளுக்குள்ளும் சோற்றுக்குள்ளும் இந்த மண்தான்;
தூஷணத்தால் ஏசியபடி கூட்டித் தள்ளினோம்.
பிறகு ஒருநாள் ஹெல்மெற் போட்ட நாலு பேர்
குழாய் இறக்கி, போத்தலில் நிரப்பி,
"நீங்கள் பணக்காரர்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.
அன்றிரவு ஊரில் ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை.

அமலதாஸ் அண்ணன் கரைவலை இரண்டையும் விற்று
ரிப்பருக்கு முற்பணம் கட்டினார்.
வாடிகள் ஒவ்வொன்றாய்ப் பூட்டுப்பட்டன.
மீனுக்கு வலை வேணும், காத்து வேணும், கொஞ்சம் அதிர்ஷ்டமும்.
மண்ணுக்குச் சவள் போதும்.
ஆரைப் பிழை சொல்ல?
இப்ப சந்திக் கடையில்
ரின்மீன் என்ன விலை என்று கேட்டு நிற்கிறோம்,
முதுகுக்குப் பின்னால் கடல்.

காப்பற் ரோட்டு வரும் என்றார்கள்.
வந்தது, ரிப்பர் திரும்புகிற இடம் வரைக்கும்.
பள்ளிக்கூட ஒழுங்கையில்
மாரிக்கு இன்னும் முழங்கால் வெள்ளம்.

முன்னம் வள்ளத்துக்கு வரி எடுக்க ஒருத்தர் வருவார்.
"இறங்குதுறை லைற் எரியேல்லை,
அதை முதல் செய், பிறகு காசு" என்போம்.
முறைத்தபடி குறித்துக்கொண்டு போவார்.
லைற் எரியும், ஒரு மாதமாவது.
மண் போகத் தொடங்கியபின் அவர் வரவேயில்லை.
எங்கள் சில்லறை ஆருக்கும் தேவையில்லை.
எங்களிடம் ஒன்றும் கேட்காதவர்களை
எதில் பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்பது?

பெர்மிற் நாளுக்கு நாற்பது லோட்.
போவது எழுபது.
மிச்சம் முப்பதுக்கு வேறு கொப்பி, நீலமட்டை.
இரண்டிலும் எழுதுகிற கை இதுதான்.
நீலமட்டை மாதமுடிவில் எங்கே போகிறதென்று
நான் கேட்டதில்லை.
மகன் ரியூசனுக்குப் போகிறான்.

போன கிழமை வீட்டுத்திட்ட வீட்டுக்கு
வெள்ளைப் பெயின்ற் வாங்கப் போனேன்.
நாலு லீற்றர் ரின். விலையை
இரண்டாம் தரமும் சொல்லச் சொன்னேன்.
கடைக்காரச் சிவபாலன் சொன்னான்:
"உங்கட மண்ணிலதான் அக்கா இந்த வெள்ளை எடுக்கிறது.
கறுப்பைக் காய்ச்சினால் வெள்ளை வருமாம்."
நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.
ரின்னின் அடியில் சின்ன எழுத்தில் ஏதோ நாட்டின் பேர்.
அங்கே கடற்கரை இருக்குமோ தெரியாது.
முன்சுவருக்கு மட்டும் கண்டது.

இன்று கடைசி லோட் போனபிறகு
செருப்பைக் கழற்றிவிட்டு
நானே மேடையில் ஏறி நின்றேன்,
யன்னலுக்குள்ளால் இலக்கத்தைப் பார்த்தேன்.
நாற்பது.
ஆசுபத்திரித் தராசில் நான் நாற்பத்தெட்டு.
இது இருபது இருபதாகத்தான் எண்ணும்,
இடையில் நிற்பது ஒன்றும் இதற்கு இல்லை.

எட்டுக் கிலோ.
என்னில் எந்தப் பக்கம் அது என்று
கையையும் தோளையும் தடவிப் பார்த்தேன்.
வோச்சர் கிளறன்ஸ் விசிலடித்தான்,
கேற் பூட்ட வேணுமாம்.
இறங்கினேன். செருப்புக்குள் மண்.
தட்டவில்லை.
அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனேன்,
பற்றுச்சீட்டு இல்லாமல்.